பதினைந்து புளியங்கொட்டைகள்

கதவை யாரோ தட்டினார்கள். களி கிண்டும் துடுப்பு பாதிச் சுற்றில் நின்றது.

“நிறுத்தாதீங்க. நிறுத்தினா கட்டி தட்டிடும்” என்றாள் வெங்கடம்மாள். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உயரமான கட்டில், கால் தரைக்கு எட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

குளியலறைத் தரையில் அவள் புருஷன் கோவிந்தப்பன் குந்தியிருந்தார். ஸ்டவ்விலிருந்து இறக்கிய அலுமினியக் குண்டானுக்கு ஹோட்டல் துண்டைச் சுற்றி, இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இடுக்கி, துடுப்பை இரு கையாலும் பிடித்திருந்தார். வெள்ளை ஓடு பதித்த சுவரில் அவர் தலை உயரத்துக்குக் கேழ்வரகு மாவு தெறித்திருந்தது. ஸ்டவ்வை அணைக்க மறந்திருந்தார். அது தன் பாட்டுக்குப் புகைந்துகொண்டிருந்தது.

“திறக்கட்டுமாப்பா?” என்றாள் மகள் காவேரி.

“இரு. இன்னும் நாலு சுத்து.”

நாலு சுற்றுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. மானேஜரிடம் இன்னொரு சாவி இருந்தது. அவருக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீரோடு இரண்டு பேர் ஓடி வந்தார்கள். கேள்வி கேட்பதற்கு முன்னால் முதல் வாளி ஸ்டவ்வின் மேல் விழுந்தது. கேட்ட பிறகு இரண்டாவது, குண்டானுக்குள். மானேஜர் கோட்டின் பொத்தான்களைச் சரி செய்துகொண்டு நிறைய இங்கிலீஷ் பேசினார். காவேரி கிருஷ்ணகிரியில் எட்டாவது முடித்தவள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“நெருப்புங்கிறார்” என்றாள். “அப்பறம் மிருகம்ங்கிறார். யாரச் சொல்றார்னு தெரியல.”

அரை மணி நேரத்தில் மூன்று பேரும் கொழும்புக் கடற்கரையில், படுக்கைச் சுருட்டு, ஒரு மாவு டின், ஒரு துடுப்பு சகிதம் நின்றார்கள். பொழுது இறங்கும்போது வெங்கடம்மாள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, அதிலிருந்த ஒரு புளியங்கொட்டையைக் கடலில் எறிந்தாள். அது நான்காவது. பையில் இன்னும் பதினொன்று இருந்தது.

வெங்கடம்மாளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. தளியில் பிறந்தவள். பதினாறு வயதில் உத்தனப்பள்ளிக்கு வாழ்க்கைப்பட்டாள். வந்த மூன்றாம் நாள் மாமியார் துடுப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை என்று சொல்ல முடியாது; சாப்பிட எழுந்தார்.

காலையில் எட்டு உருண்டை, சாயங்காலம் எட்டு உருண்டை. வீட்டு ஆட்கள், கூலியாட்கள் எல்லோருக்கும் சேர்த்து. இருபத்தாறு வருஷம். காவேரி பிறந்தபோது பதினோரு நாள் அடுப்புக்குப் போகவில்லை. அதற்கு முன் பிறந்து தங்காத இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நாள். வேறு ஓய்வு என்று அவள் எதையும் அறிந்ததில்லை. களி கிண்டிக் கிண்டி வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை உயர்ந்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்த கிருஷ்ணகிரிக்காரர், “தோளை இறக்குங்கம்மா, இறக்குங்கம்மா” என்று கால் மணி நேரம் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் காமிராவைச் சாய்த்துக்கொண்டார்.

தளிப் பக்கத்தில் கன்னடம் பேசாதவர் குறைவு. வெங்கடம்மாள் பேச்செல்லாம் தமிழ்தான். ‘வேண்டாம்’ மட்டும் இரண்டு விதமாகச் சொல்வாள். தமிழில் சொன்னால் மேலே பேசிப் பார்க்கலாம். ‘பேடா’ என்று கன்னடத்தில் சொல்லிவிட்டால் எதிராளி எழுந்து போய்விட வேண்டியதுதான்.

பயணம் கோவிந்தப்பனின் யோசனை. யோசனை என்பதுகூடப் பெரிய வார்த்தை. கிருஷ்ணகிரி பிரகாசம் கொழும்பில் ஒரு புளி மண்டியில் வேலை பார்த்தான். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவன், புளி விலை பேச உத்தனப்பள்ளிக்கும் வந்தான். வந்த இடத்தில் அந்தத் தீவின் ஹோட்டல்களைப் பற்றிச் சொன்னான். கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் எங்கேயோ மணி அடிக்கும். வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவன் வந்து நின்று, என்ன வேண்டும் என்று கேட்பான்.

“நாம கூப்பிடாமயா?” என்றார் கோவிந்தப்பன்.

“மணிதான் கூப்பிடுதே, அண்ணே.”

கோவிந்தப்பனிடம் பிறந்ததிலிருந்து யாரும் என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. அந்த வருஷம் உருளைக்கிழங்கு அவரைக் கைவிடவில்லை. பாஸ்போர்ட்டுக்காக மூன்று தடவை மெட்ராஸ் போய் வந்தார். 1954 ஏப்ரல் கடைசியில் காகிதங்கள் எல்லாம் கைக்கு வந்தன.

ஊரில் கேட்டார்கள். “இன்னாத்துக்குப் போறே?”

“சும்மாதான். பார்த்துட்டு வர.”

“சும்மா எவனாவது கடல் தாண்டுவானா?” என்றார் பக்கத்து நிலத்துக்காரர் சென்னப்பன். “குடிக்கிறதுக்குன்னா எல்லை தாண்டி அத்திப்பள்ளி போதுமே. பஸ்ஸுல போயி பஸ்ஸுல வந்துரலாம்.”

கோவிந்தப்பன் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கதிர்காமத்துக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. சாமி என்று சொல்லிவிட்டால் வேறு காரணம் தேவைப்படுவதில்லை. அவருடைய அக்கா பூவம்மாள், தன் முதுகு வலிக்குத் திருநீறு கொண்டுவரச் சொன்னாள். சென்னப்பனும் கொஞ்சம் கேட்டார்.

வெங்கடம்மாள்தான் வரவில்லை என்றாள்.

“ஏம்மே?”

“இங்க கிண்டறது போதாதுன்னு கடலத் தாண்டி வந்து கிண்டணுமா? பேடா.”

கோவிந்தப்பன் பயந்துவிட்டார். பாஸ்போர்ட்டில் இரண்டு பேரும் ஒரே படத்தில் இருந்தார்கள். பூவம்மாள், சென்னப்பன், புளி தட்ட வந்திருந்த பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, “பதினஞ்சு நாளு. பதினஞ்சு நாளைக்கி நீ அடுப்புப் பக்கமே போவ வேணாம். துடுப்பத் தொட வேணாம். போதுமா?” என்றார்.

பூவம்மாள் சிரித்தாள். “இவளா? மூணாம் நாளு கை அரிக்கும். எங்கயாவது ஒரு அடுப்பத் தேடிக்கினு போயிடுவா, பாரு.”

வெங்கடம்மாள் தன் முன்னால் குவிந்திருந்த புளியங்கொட்டைகளில் பதினைந்தை எண்ணி எடுத்துச் சுருக்குப்பையில் போட்டாள். பதினைந்து நாள் என்பது பிரசவத்தைவிட நாலு நாள் அதிகம்.

முதல் கொட்டையைத் திருச்சி ரயிலடியில் எறிந்தாள். இரண்டாவதைத் தலைமன்னார்க் கரையில் எறிய இருந்தாள். அங்கே சுங்கக்காரர் படுக்கைச் சுருட்டை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்ததும் துடுப்பு உருண்டு வெளியே வந்து அவள் காலடியில் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு குண்டான். அப்புறம் ஒரு ஸ்டவ். பிறகு டின் நிறையக் கேழ்வரகு மாவு.

வெங்கடம்மாள் துடுப்பைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“வழியில பாம்பு கீம்பு வந்தா அடிக்கலாம்னு...” என்றார் அவர்.

“மாவு எதுக்கு? பாம்புக்குக் களி கிண்டிப் போடுவீங்களா?”

சுங்கக்காரர் மாவை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். வெடிமருந்தாகவோ அபினாகவோ இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். மூன்று பேரையும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே டின்னை மூடிக் கொடுத்து, போங்கள் என்று கையைக் காட்டினார். ஏன் சிரித்தார் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

“நான் கிண்ட மாட்டேன்” என்றாள் வெங்கடம்மாள்.

“யாரு உன்னக் கேட்டா? நானே கிண்டிக்கிறேன்” என்றார் கோவிந்தப்பன். தினம் இரண்டு வேளை கிண்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவருக்குக் கிண்டத் தெரியும் என்று அவர் உண்மையாகவே நினைத்திருந்தார்.

கொழும்பு ஹோட்டலில் பொத்தானை முதலில் அமுக்கியது கோவிந்தப்பன். வெள்ளை உடுப்புக்காரர் வந்து நின்றார். கோவிந்தப்பனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சும்மா, என்றார். அவர் போனார். இரண்டாவது தடவை வெங்கடம்மாள் அமுக்கினாள். வெந்நீர் என்று சொல்லி, காவேரியை மொழிபெயர்க்க வைத்தாள். ஒரு கூஜாவில் வந்தது. குடித்தாள். அன்று ஏழு தடவை அமுக்கினாள். ஏழு தடவையும் வெந்நீர்தான். எங்கோ ஒரு அடுப்பில், யாரோ ஒருவர் தனக்காகத் தண்ணீர் கொதிக்கவைப்பதை அவள் நம்பவில்லை. ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பார்த்தாள். சூடாகவே இருந்தது.

மறுநாள்தான் குளியலறையில் களி கிண்டியதும், வாளியோடு வந்ததும், வெளியே அனுப்பியதும்.

பிரகாசம் மண்டியில் லீவு சொல்லிவிட்டுக் கூடவே கிளம்பினான். இனிமேல் தனியாக விட்டால் தன் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தான். கண்டியில் ஏரி தெரிகிற மாதிரி ஒரு ஹோட்டல் பிடித்துக் கொடுத்தான். கோவிந்தப்பனிடம் ஸ்டவ்வைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். மாவைச் சமையல்காரரிடம் கொடுத்து விளக்கமாகச் சொன்னான்.

சாப்பாட்டு நேரத்தில் பீங்கான் தட்டில் பழுப்பாகச் சதுரமாக ஏதோ வந்தது. மேலே ஜாம் ஊற்றியிருந்தது. பக்கத்தில் முள்ளும் கரண்டியும்.

கோவிந்தப்பன் அதை முள்ளால் குத்திப் பார்த்தார். அது ஆடியது.

“களி ஆடுமா?” என்றார்.

“ஆடாது” என்றாள் வெங்கடம்மாள். அவள் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரோ வடித்த சோறு. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாள்.

அடுத்த நாள் கோவிந்தப்பன் பிரகாசத்துக்குத் தெரியாமல் சமையல்கட்டுக்குள் போனார். எப்படிச் செய்வது என்று கையால் சைகை காட்டினார். சமையல்காரர் நல்ல மனிதர். ஒரு பெரிய பாத்திரத்தைக் கொடுத்து, செய்து காட்டு என்று தள்ளி நின்றார். கோவிந்தப்பன் அதை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு பாதங்களாலும் இடுக்கினார். அவர் ஊரில் அப்படித்தான். கால் பிடிக்காமல் களி இறுகாது. அந்தப் பாத்திரத்தில்தான் ஹோட்டலில் இருந்த அத்தனை பேருக்கும் சோறு வடிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. சமையல்காரர் கரண்டியோடு துரத்தினார். மாடிப்படிவரை துரத்தினார்.

இரண்டாவது ஹோட்டலும் போயிற்று. ஆறாவது கொட்டை கண்டி ஏரிக்குள் போனது.

மலைமேல் நுவரெலியாவில் இறங்கியதும் குளிர் அடித்தது. பாத்தி பாத்தியாக முட்டைக்கோஸ். சரிவு முழுக்க உருளைக்கிழங்கு. பனி. கம்பளி போர்த்திய ஆட்கள்.

“இது தளி” என்றாள் வெங்கடம்மாள்.

“தளியப் பாக்கறதுக்குக் கப்பல் ஏறி வந்திருக்கோம்” என்றார் கோவிந்தப்பன். குனிந்து ஒரு கிழங்குச் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தார். “பூச்சி வேற.” அதில் அவருக்குக் கொஞ்சம் திருப்தி இருந்தது.

ஒரு வெள்ளைக்காரக் கிழவி நடத்திய விடுதியில் தங்கினார்கள். அறைக்குள் நுழைந்த வெங்கடம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். படுக்கையறைச் சுவரில் ஒரு அடுப்பு இருந்தது. குளிர்காய்வதற்காம். விறகு அடுக்கி, பக்கத்தில் தீப்பெட்டியும் வைத்திருந்தார்கள்.

“இங்க யாரும் தண்ணி ஊத்த மாட்டாங்க” என்றார் கோவிந்தப்பன். குண்டானை எடுத்தார்.

தண்ணீர் கொதிக்கும் முன்பே மாவைக் கொட்டினார். வெங்கடம்மாள் பார்த்தாள், பொத்தானை அமுக்கி வெந்நீர் வாங்கிக் குடித்தாள். அவர் வேர்க்க விறுவிறுக்கக் கிண்டினார். வெளியே கறுப்பும் உள்ளே வெள்ளையுமாக ஒரு உருண்டை வந்தது. கௌரவத்துக்காக முழுவதையும் சாப்பிட்டார். பச்சை மாவு வயிற்றுக்குள் போய் வேலையைக் காட்டியது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் படுக்கையில் கிடந்தார்.

“நாலு கவளம் நல்ல களி உள்ள போனா எழுந்துக்குவேன்” என்று கூரையைப் பார்த்துச் சொன்னார். “வேற எதுவும் ஒத்துக்காது.”

பிரகாசம் வெங்கடம்மாளிடம் வந்தான். “அக்கா, ஒரு வேளைதானே. அண்ணனுக்கு ஏதாவது ஆயிட்டா ஊருக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

“அவரு சாகலப்பா. கோவிச்சுக்கினு படுத்திருக்காரு.”

“சாட்சி யாரும் இல்லியே இங்க. கிண்டினேன்னு யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்.”

காவேரி எழுந்தாள். “நான் கிண்டறேம்மா.” துடுப்பை எடுத்தாள்.

“வையி கீழ” என்றாள் வெங்கடம்மாள். அந்தக் குரலைக் காவேரி அதுவரை கேட்டதில்லை. “உனக்கும் பதினாறு ஆவப் போவுது. தோளு ரெண்டும் சமமா இருக்குதில்ல? அப்பிடியே இருக்கட்டும்.”

காவேரி வைத்துவிட்டாள். கோவிந்தப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் விடியும் நேரத்தில் வெங்கடம்மாள் எழுந்தாள். மற்றவர்கள் தூங்கினார்கள். அடுப்பில் கங்கு இருந்தது. இருபத்தாறு வருஷமாக அந்த நேரத்துக்குத்தான் எழுந்து பழக்கம். பழகிய கைகளுக்கு வேலை இல்லை. துடுப்பை எடுத்தாள். நன்றாகக் கடைந்தெடுத்த துடுப்பு. கைப்பிடியில் அவள் விரல்கள் பதிந்த இடம் வழவழப்பாக இருந்தது. புருஷனின் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது, பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. பூவம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது. மூணாம் நாளு கை அரிக்கும். அன்றைக்கு ஒன்பதாம் நாள்.

துடுப்பை இருந்த இடத்திலேயே வைத்தாள். பொத்தானை அமுக்கினாள். “ரொட்டி. அவருக்கு” என்றாள்.

கதிர்காமம் போக வேண்டியிருந்ததால் கோவிந்தப்பன் எழுந்தாக வேண்டியிருந்தது. திருநீறு இல்லாமல் உத்தனப்பள்ளியில் போய் இறங்க முடியாது. பத்தாம் நாள் மூன்று பஸ் மாறி, மலையிறங்கி, வெயில் பொசுக்குகிற திஸ்ஸமகாராமை என்ற ஊருக்கு மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். குளக்கரையில் ஒரு ரெஸ்ட் ஹவுஸில் இடம் சொல்லியிருந்தது. கதிர்காமம் அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைல். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு ஓலைக் கொட்டகை. அதில் ஒரு பொம்பளை தரையில் குந்தி, மண்பானை ஒன்றை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இடுக்கி, ஒரு கட்டையால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

கோவிந்தப்பன் நடுத்தெருவில் நின்றார். ஒரு வண்டிக்காரர் கத்தினார். அவர் நகரவில்லை. பிறகு ஓடினார்.

அவள் பானைக்குள் கையை நனைத்து உருட்டி இலையில் போட்டாள். கறுப்பு, உருண்டை, ஆவி. பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு. ‘தலப்ப’ என்று ஏதோ பெயர் சொன்னாள். கோவிந்தப்பன் காதில் விழவில்லை. முதல் உருண்டையை நின்றபடியே விழுங்கினார். இரண்டாவதில் கண்ணில் தண்ணீர் நின்றது. குழம்பில் காரம் அதிகம். மூன்றாவதை வாங்கிக்கொண்டு பிரகாசத்தைப் பார்த்தார்.

“இந்த ஊர்ல கேழ்வரகு கீதா?”

“குரக்கன்னு சொல்வாங்க, அண்ணே. மலைக்குக் கீழ எல்லா ஊர்லயும் கெடைக்கும்.”

“உனக்குத் தெரியுமா?”

“நானே வாரத்துக்கு ரெண்டு வாட்டி சாப்பிடறேனே.”

“ஏண்டா சொல்லல?”

பிரகாசம் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். “ஹோட்டல் பார்க்கணும்னு வந்தவரை இட்டாந்து களிக் கடையில உட்கார வைக்கச் சொல்றீங்களா? நாளைக்கி ஊர்ல போயி பிரகாசம் கொழும்புல களி தின்றான்னு சொல்லிட்டீங்கன்னா?”

கோவிந்தப்பன் ஒரு டின் மாவைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். சுங்கக்காரர் சிரித்தது இப்போது விளங்கியது.

கடைக்காரி வெங்கடம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அல்ல, தோளை. பிறகு தன் வலது தோளைத் தட்டிக் காட்டினாள். அதுவும் உயர்ந்துதான் இருந்தது. வெங்கடம்மாளும் தன் தோளைத் தட்டினாள். விருந்தாளிக்கு மரியாதை செய்வதாக நினைத்தோ என்னவோ, கடைக்காரி தன் துடுப்பை நீட்டினாள்.

வெங்கடம்மாள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். “பேடா” என்றாள்.

கடைக்காரிக்குக் கன்னடம் புரிந்தது. பானையைத் தூக்கிக் கீழே போடுகிற அளவுக்குச் சிரித்தாள்.

“உன்னுதவிட இது நல்லா கீது” என்றார் கோவிந்தப்பன், வாய் நிறைய.

“அப்ப இவளயே கேளுங்க. வந்தா இட்டுக்கினு போங்க. நான் இங்க இருக்கறேன்.”

பிரகாசம் விளையாட்டுக்கு அதைச் சிங்களத்தில் சொன்னான். கடைக்காரி யோசித்தாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். கூலியாட்களோடு எட்டு என்றதும் கையை விரித்துவிட்டாள்.

கதிர்காமம் பஸ் வந்தது. கோவிந்தப்பன் ஐந்தாவது உருண்டையில் இருந்தார். “சாமி எங்க போயிடப் போறாரு? நாளைக்கிப் பார்த்துக்கலாம்” என்றார். மறுநாள் காலையில் பஸ் வந்தபோதும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பஸ் போன பிறகு ஏப்பம் விட்டார். ஒரு நாள் மிச்சம் ஆகிறது, இப்படியே மாத்தறைப் பக்கமாகக் கொழும்புக்குத் திரும்பிவிடலாம் என்றார்.

“திருநீறு?” என்றாள் காவேரி.

வெங்கடம்மாள் மாவு டின்னைத் திறந்து, மிச்ச மாவைக் கடைக்காரியின் முறத்தில் கொட்டினாள். காலி டின்னை அடுப்பின் பக்கம் காட்டினாள். கடைக்காரி ஒன்றும் புரியாமல் அடுப்புச் சாம்பலை அள்ளி அள்ளி நிரப்பினாள். பைத்தியங்கள் என்று நினைத்திருப்பாள்.

“அம்மா, இது சாம்பல்.”

“திருநீறு மட்டும் இன்னாவாம்?” என்றாள் வெங்கடம்மாள். பிறகு புருஷனைப் பார்த்து, “அடுப்ப நான் தொடல. அவதான் அள்ளிப் போட்டா. பார்த்துக்கினீங்களா?”

“பார்த்தேன், பார்த்தேன்.”

கப்பலில் காவேரி டின்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் விசாரித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு சிட்டிகை வாங்கிப் பூசினார்.

பதினான்காம் நாள் சாயங்காலம் உத்தனப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். வீட்டு வாசலில் கூட்டம். பூவம்மாள் டின்னை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் நெற்றியில் பூசினாள். தன் முதுகுக்குத் தண்ணீரில் குழைத்துப் போடச் சொன்னாள். லேசாகக் கருவாட்டு வாசனை வந்தது. கடல் தாண்டி வந்த சாமி, அப்படித்தான் இருக்கும் என்று சென்னப்பன் சொன்னார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

“முதுகு இப்பவே எறங்கின மாதிரி கீது” என்றாள் பூவம்மாள். பிறகு வெங்கடம்மாளிடம், “செரி, புடவைய மாத்திக்கினு போயி ஒலையப் போடு. ஆளுங்கல்லாம் பதினாலு நாளா என் கையால தின்னு செத்துட்டாங்க.”

வெங்கடம்மாள் சுருக்குப்பையை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தாள். இரண்டு கொட்டை விழுந்தது.

“இது இன்னிக்கி. இது நாளைக்கி” என்றாள்.

பூவம்மாள் தம்பியைப் பார்த்தாள். தம்பி தொண்டையைச் செருமினார்.

“வூட்டுக்கு வந்தாச்சே” என்றார்.

“பதினஞ்சு நாளுன்னு சொன்னீங்க. வூட்டுக்கு வர்ற வரைக்கும்னு சொல்லல. அக்காவும் கேட்டுக்கினுதான் இருந்தாங்க.”

“அதுக்கு? நாளைக்கி யாருடா கோவிந்தா களி கிண்டுவா?” என்றாள் பூவம்மாள். “ஆம்பள நீ போயி குந்துவியா? ஊரு சிரிக்கும்.”

கூட்டம் கோவிந்தப்பனைப் பார்த்தது. அவருக்கு முகம் மாறியது. “ஏய், போதும் வெளையாட்டு. உள்ள போ” என்றார்.

வெங்கடம்மாள் அவர் பக்கத்தில் வந்தாள். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

“கதிர்காமம் போயிருந்தா நாளைக்கிப் பொழுது சாஞ்சுதான் வந்து சேர்ந்திருப்போம். அந்த ஒரு நாளு எங்க போச்சுன்னு சொல்லட்டுமா?”

கோவிந்தப்பன் அக்காவின் முதுகைப் பார்த்தார். சாம்பல் பட்டையாகக் காய்ந்து வெடித்திருந்தது. சென்னப்பனின் நெற்றியைப் பார்த்தார்.

“நாளைக்கி நான் கிண்டறேன்” என்றார் உரக்க. “வேண்டுதலு.”

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. வெங்கடம்மாள் ஒரு கொட்டையை வாசலுக்கு வெளியே எறிந்தாள். அன்றைக்கு அவர்கள் பூவம்மாள் வீட்டில் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கோவிந்தப்பன் அடுப்பு மூட்டினார். தண்ணீர் கொதித்த பிறகுதான் மாவைப் போட்டார். பானையை வாசலில் இறக்கி, கால்களுக்கு நடுவில் இடுக்கிக் கிண்டினார். எட்டு உருண்டை வந்தது. இரண்டில் கட்டி இருந்தது. ஆட்கள் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். சென்னப்பன் இன்னும் கொஞ்சம் திருநீறு கேட்டு வந்தார். பானையைப் பார்த்தார், திருநீற்றை வாங்கிக்கொண்டு போனார். பூவம்மாளுக்கு முதுகு வலி வரவில்லை. வெங்கடம்மாள் ஏழு மணிக்கு எழுந்தாள். பாயில் உட்கார்ந்தபடியே ஒரு கரண்டியால் பித்தளைச் சொம்பைத் தட்டினாள். கோவிந்தப்பன் வந்து, இன்னா என்று கேட்டார். வெந்நீர் என்றாள். கொண்டுவந்தார். சாயங்காலமும் அவரே கிண்டினார். காவேரி துணி துவைத்தாள். பொழுது இறங்கும்போது கடைசிக் கொட்டை எருக்குழியில் விழுந்தது. மழை வரும்போல இருந்தது, வரவில்லை.